ஸ்டூடியோவிற்குப் போகாமல் பிசினஸ் பாட்காஸ்ட்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது ஒன்று கூடுதலாகச் சேர்ந்துள்ளது. "எங்கள் தொழிலைப் பற்றி பாட்காஸ்ட் செய்யலாம் என்று சொல்கிறார்களே, அதற்கு ஸ்டூடியோ எங்கே கிடைக்கும்?" என்பதுதான் அது. ஸ்டூடியோ தேவையில்லை, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரே போதும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பேசுபவர் கோயம்புத்தூரிலும் கேள்வி கேட்பவர் சென்னையிலும் அவரவர் வீட்டில் இருந்தபடியே, ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது போலப் பதிவு செய்ய முடியும். அது எப்படி, அதில் என்ன லாபம், எங்கே சறுக்கும் என்பதை இங்கு பார்க்கலாம். சறுக்கிய அனுபவம் எனக்கு இருக்கிறது. அதனையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் பாட்காஸ்ட் என்றால் என்ன என்று ஒரு வரியில் பார்த்துவிடலாம். வானொலி நிகழ்ச்சி போன்ற ஒலிப் பதிவினை பைலாக இணையத்தில் வைத்து, கேட்பவர் தனக்கு வசதியான நேரத்தில் தன் போனிலோ கம்ப்யூட்டரிலோ கேட்கும்படி தருவதுதான் பாட்காஸ்ட். ஐபாட், பிராட்காஸ்ட் ஆகிய இரண்டு சொற்களையும் ஒட்டி உருவான இந்தப் பெயரை 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் சாப்ட்வேரில் இதற்கு இடம் கொடுத்தது. அதன் பின்னர் உலகெங்கும் பரவியது.

பிசினஸ் பாட்காஸ்ட் என்பது பெரும்பாலும் பேட்டிதான். ஒரு தொழிலை நடத்துபவரிடம் ஒருவர் கேள்வி கேட்பார், அவர் பதில் சொல்வார். இதில் சண்டைக் காட்சி இல்லை, பின்னணி இசைக்குழு இல்லை. இரண்டு குரல்கள் தெளிவாகக் கேட்டால் போதும். 2015 ஜூனில் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவே, மார்க் மாரன் என்ற நகைச்சுவைக் கலைஞரின் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டிற்குச் சென்று, அங்கே கார் நிறுத்தும் அறையில் உட்கார்ந்து பாட்காஸ்ட் பேட்டி கொடுத்தார். கண்ணாடி அறையும் பெரிய மிக்ஸரும் இருந்தால்தான் நல்ல பேட்டி என்ற எண்ணம் அப்போதே உடைந்துவிட்டது. 2020ல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபோது மீதியும் உடைந்தது. தொழில் தொடங்கியவர்களைப் பேட்டி காணும் "ஹவ் ஐ பில்ட் திஸ்" என்ற பிரபலமான அமெரிக்க நிகழ்ச்சி அந்த ஆண்டில் வீட்டில் இருந்தபடியே பேசும் உரையாடல்களாக வந்தது. புகழ்பெற்ற வானொலி நிலையங்களில் வேலை செய்தவர்கள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்தும், தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக் கொண்டும் பேசிப் பதிவு செய்தார்கள். 

லாபம் எங்கே?

செலவு குறைவு என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. உண்மைதான். ஸ்டூடியோவிற்கு மணிக்கணக்கில் வாடகை. பேசத் தயங்கினாலும், தண்ணீர் குடித்தாலும் மீட்டர் ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய லாபம் வேறு. யாரைப் பேச வைக்க முடியும் என்பதுதான் அது.

என்னுடன் பொறியியல் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர், சிறு தொழில் நடத்துபவர்களைப் பேட்டி எடுத்து மாதம் ஒரு பாட்காஸ்ட் வெளியிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பகலில் எனக்கு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவருக்குப் பதிவு செய்வதிலும் எடிட் செய்வதிலும் உதவினேன். ஆள் கிடைக்காத நாட்களில் கேள்வி கேட்பதும் நான்தான். முதல் மூன்று பேட்டிகளைச் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தோம். பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். வந்த மூவரும் சென்னைக்காரர்கள். அதிலும், வேலை நாளில் மதியம் கடையை விட்டு வரக்கூடிய அளவிற்கு வசதியானவர்கள். நாங்கள் பேச நினைத்த லேத் பட்டறைக்காரரும், வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கும் அம்மாவும் வரவே மாட்டார்கள். அவர்கள் ஒரு நாள் வெளியூர் வந்தால் அன்றைய தொழில் நின்றுவிடும்.

வீட்டிலிருந்தே பதிவு என்று மாறியவுடன் இந்தத் தடை போய்விட்டது. கடை அடைத்த பின்னர் இரவு ஒன்பது மணிக்குப் பேசலாம். சிங்கப்பூரில் இருப்பவர் என்றால் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார், அதற்கேற்ப மாலையில் வைத்துக் கொள்ளலாம். பேசுபவர் தன் நாற்காலியில், தன் வீட்டுக் காபி டம்ளருடன் இருப்பதால் பயமும் குறைகிறது. ஸ்டூடியோவில் தலையில் ஹெட்போனை மாட்டி, சிவப்பு விளக்கைப் போட்டவுடன் வாய் உலர்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. பேச்சின் நடுவே "அந்த பில் புத்தகம் இங்கேதான் இருக்கு, இருங்க" என்று எழுந்து போய் பழைய கணக்கை எடுத்து வந்து படித்தவர்களும் உண்டு. ஸ்டூடியோவில் அது நடக்காது.

போனில் பேசிப் பதிவு செய்தால் போதாதா?

இது அடுத்த கேள்வி. ஜூம் போன்ற ஒன்றில் பேசிவிட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்ததே என்று தோன்றும். முடியாது. ஏன் என்று தெரிந்து கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

இணையம் வழியாகப் பேசும்போது உங்கள் குரல் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் வழியில் தொலைந்து போனாலோ, தாமதமாக வந்து சேர்ந்தாலோ அதற்காகக் காத்திருக்க முடியாது. பேச்சு ஓடிக் கொண்டிருக்கிறதே! எனவே சாப்ட்வேர் அதனை விட்டுவிட்டு, அந்த இடைவெளியை ஏதோ ஒரு ஊகத்தில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலவும், ரோபோ பேசுவது போலவும் குரல் மாறுவது இதனால்தான். நேரில் பேசும்போது "என்ன சொன்னீங்க?" என்று கேட்டுச் சமாளிக்கிறோம். பதிவில் அது அப்படியே தங்கிவிடும். பழைய தொலைபேசி இணைப்பில் இன்னொரு குறை. அது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டுமே கடத்தும். நம் பேச்சில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் பெரும் பகுதி அதற்கு மேல் இருக்கிறது. எனவேதான் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது "ச-வா, ப-வா?" என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு, இணையத்திற்கு முன்பே வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த பழைய தந்திரம். பேசுவது தொலைபேசியில், பதிவு செய்வது இரண்டு பக்கமும் தனித்தனி டேப்பில். பிறகு அந்த டேப் தபாலில் வந்து சேரும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இருவரும் ஒரே அறையில் இருந்தது போல இருக்கும். இதனை டபுள் எண்டர் என்று அழைக்கிறார்கள். இன்று டேப்பிற்குப் பதில் கம்ப்யூட்டர், தபாலுக்குப் பதில் இணையம். அவ்வளவுதான் வித்தியாசம். பேசுபவரின் குரல், அவரின் கம்ப்யூட்டரிலேயே முழுத் தரத்துடன் பைலாகிறது. இணைப்பு எவ்வளவு தடுமாறினாலும் அந்த பைலுக்கு ஒன்றும் ஆகாது.

இங்கு ஒரு எச்சரிக்கை. ஜூமில் ரெக்கார்டிங் செட்டிங்ஸ் பகுதியில், ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனி பைலாகப் பதிவு செய்ய ஒரு வசதி உள்ளது. அதற்கு டிக் செய்தால் தனித்தனி பைல் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மற்றவரின் குரல் இணையம் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த பின்னர்தான் பதிவாகிறது. வழியில் தொலைந்தது தொலைந்ததுதான். தனித்தனி பைல் என்பதும், அவரவர் இடத்தில் பதிவு என்பதும் வேறு வேறு. புதியவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

எப்படிச் செய்வது?

எளிய வழி, இதற்கென்றே உள்ள இணையதளங்களைப் பயன்படுத்துவது. ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்றவை இந்த வகை. நீங்கள் ஒரு லிங்க் அனுப்புவீர்கள். பேச வேண்டியவர் அதனைக் குரோம் பிரவுசரில் திறந்து, மைக்கைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தால் போதும். அவர் கம்ப்யூட்டரில் எந்த சாப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரே அவர் குரலை அவர் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பேசிக் கொண்டிருக்கும்போதே பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக அப்லோட் செய்கிறது. இலவசக் கணக்கில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது அடிக்கடி மாறும் விஷயம். கணக்கு தொடங்கும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

காசே செலவழிக்காமல் செய்ய விரும்பினால், பேசுவதற்கு ஏதேனும் வீடியோ கால் சாப்ட்வேர், பதிவிற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். முன்பெல்லாம் பேசுவதற்கு ஸ்கைப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் பேச்சு துண்டாகும், மீண்டும் இணைந்து கொள்ள வேண்டும். எங்கள் வழியில் பதிவு தனியாக ஓடிக் கொண்டிருப்பதால் இதில் நட்டம் ஒன்றுமில்லை.

ஆடாசிட்டியைத் திறந்து, ஆடியோ செட்டப் என்ற பட்டனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் உங்கள் மைக் எது என்று தேர்ந்தெடுக்கவும். ரெக்கார்டிங் சேனல்ஸ் என்பதில் மோனோ போதும். ஒரு வாய், ஒரு மைக், எதற்கு ஸ்டீரியோ? பின்னர் சிவப்பு வட்டத்தில் கிளிக் செய்தால் பதிவு தொடங்கும். பேசும்போது மீட்டரைப் பார்க்கவும். சத்தமாகப் பேசும் இடங்களில் அது மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையே இருந்தால் நல்லது. பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், பின்னர் எந்த சாப்ட்வேராலும் தைக்க முடியாது. முடிந்தவுடன் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ தேர்ந்தெடுத்து வேவ் பைலாக சேவ் செய்திடவும். உங்கள் விருந்தினருக்கு ஆடாசிட்டி கடினமாகத் தோன்றினால், விண்டோஸ் 11ல் உள்ள சவுண்ட் ரெக்கார்டரே போதும். அதிலும் வேவ் பார்மட்டில் பதிவு செய்யலாம்.

வேவ் பைல் பெரிதாக இருக்கும். 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்ற அளவில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 318 எம்பி. அதையே 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் 29 எம்பிதான். ஆனால் எம்பி3 ஆக்குவதைக் கடைசியில், வெளியிடும்போது மட்டும் செய்யுங்கள். எடிட் செய்யும் வரை வேவ் ஆகவே இருக்கட்டும். பைலை விருந்தினர் கூகுள் டிரைவ் மூலம் அனுப்பலாம். வாட்ஸ்அப் மட்டுமே தெரியும் என்றால் டாக்குமெண்ட் என்ற வழியில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை போகும்.

இரண்டு பைல்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பொருத்த வேண்டும் அல்லவா? பதிவு தொடங்கியவுடன் இருவரும் "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணி ஒரு கை தட்டுங்கள். அலைவரைபடத்தில் கை தட்டிய இடம் ஊசி போல நிற்கும். இரண்டு ஊசிகளையும் நேராக நிறுத்தினால் வேலை முடிந்தது. இணையத் தாமதத்தால் மிகச் சிறிய வித்தியாசம் இருக்கும், காதில் கேட்டு நகர்த்திக் கொள்ளலாம். நீண்ட பேட்டி என்றால் கடைசியில் மீண்டும் ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். ஏனெனில் இரண்டு கம்ப்யூட்டர்களின் உள் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் நூறு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் விலகிவிடும். கேள்வி முடியும் முன்பே பதில் வருவது போல இருந்தால் இதுதான் காரணம். யாரும் பேசாத இடமாகப் பார்த்து வெட்டி, சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்.

தனித்தனி பைல் இருப்பதில் இன்னொரு லாபம் எடிட்டிங்கில் தெரியும். அவர் முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போது என் தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கொடுத்தால், என் டிராக்கில் அந்த இடத்தை மட்டும் அமைதியாக்கினால் போதும். ஒரே மைக்கில் இருவர் குரலும் இருந்தால் இது நடக்காது.

கோவைப் பெரியவர்

இப்போது சறுக்கிய கதை. கோவையில் கணபதி பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். 70 வயதைத் தாண்டியவர். பம்ப் செட்டிற்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்து, நாற்பது ஆண்டுகள் தொழில் நடத்தியவர். மூட்டு அறுவை சிகிச்சை செய்திருந்ததால் 500 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னை வர வாய்ப்பே இல்லை. இது மாதிரியானவர்களுக்காகத்தானே இந்த முறைக்கு மாறினோம் என்று மகிழ்ச்சியுடன் ஒரு இணையதளச் சேவையில் பதிவிற்கு ஏற்பாடு செய்தோம். மருமகளின் லேப்டாப்பில் லிங்க்கைத் திறந்து கொடுத்தார்கள்.

மனிதர் அருமையாகப் பேசினார். முதல் லேத் வாங்குவதற்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தது, அதைத் திருப்பும் முன் முதல் ஆர்டரே கேன்சல் ஆனது, அதை வீட்டில் சொல்ல மூன்று நாள் தைரியம் வராமல் பட்டறையிலேயே படுத்துக் கொண்டது என்று ஒரு மணி பத்து நிமிடம். ஒரு இடத்தில் குரல் உடைந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. முடிந்தவுடன், "சரிங்க தம்பி, வெச்சுடட்டுங்களா?" என்றார். "சரிங்கய்யா, ரொம்ப நன்றி" என்றேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

பைல் முழுவதும் அப்லோட் ஆகவில்லை. அவர்கள் வீட்டு இணைப்பில் பதிவிற்கும் அப்லோடிற்கும் இடையே வெகு தூரம் இருந்தது. இதனால் மட்டும் எதுவும் கெட்டுப் போயிருக்காது. மீதிப் பதிவு அந்த லேப்டாப்பின் பிரவுசருக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அதே பக்கத்தை மீண்டும் திறந்திருந்தால் அப்லோட் தொடர்ந்திருக்கும். ஆனால் நான் அடுத்த நாள் மாலைதான் பார்த்தேன். அதற்குள் பேரன், லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று பிரவுசரில் ஹிஸ்டரியையும், குக்கீஸ் மற்றும் சைட் டேட்டாவையும் சேர்த்து அழித்துவிட்டான். பிரவுசர் தனக்குள் சேர்த்து வைத்திருந்த பதிவும் அத்துடன் போயிற்று. அவனைக் குறை சொல்ல முடியாது. இது போன்ற பக்கங்களில் "கேச்சியை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்" என்று நாம்தானே எழுதுகிறோம்!

எங்கள் கையில் மிஞ்சியது அவரின் முதல் 25 நிமிடம். அதன் பின்னர் உள்ள 45 நிமிடத்திற்கு என் டிராக் மட்டும் முழுமையாக இருந்தது. அதில் என்ன இருக்கும்? "ம்... ம்... சரிங்கய்யா... அப்புறம்?" அவ்வளவுதான். என் மைக் மிகத் தெளிவாக, என் மூச்சு உட்பட, எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது.

மறுபடியும் கேட்டோம். தட்டாமல் ஒப்புக் கொண்டார். ஆனால் வளையல் கதைக்கு வந்தபோது, "ஏனுங்க தம்பி, அதுதான் அன்னிக்கே சொன்னேனுங்களே. நகைய வெச்சு லேத் வாங்குனேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் எப்படி எப்படியோ திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். முதல் முறை வந்தது வரவில்லை. வெளியான பேட்டி நன்றாக இருக்கிறது என்றுதான் கேட்டவர்கள் சொன்னார்கள். அந்த மூன்று இரவுகள் அதில் இல்லை என்பது எனக்கும், நண்பருக்கும், அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்டூடியோவில் இருந்திருந்தால் அங்கே இருக்கும் ஒலிப்பதிவாளர் பைலைச் சரிபார்த்த பின்னர்தான் எங்களை வெளியே விட்டிருப்பார். வீட்டிலிருந்து பதிவு செய்யும்போது அந்த வேலையும் நம் தலையில்தான். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

அதற்குப் பின் நான் மாற்றிக் கொண்டவை

பேட்டி தொடங்கும் முன்பே, "முடிந்த பிறகு நான் சொல்லும் வரை லேப்டாப்பை மூடாதீர்கள், சார்ஜரை மாட்டி வையுங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் காதில் விழாது. நூறு சதவீதம் அப்லோட் ஆனதைக் கண்ணால் பார்த்த பின்னரே விடை பெறுகிறேன். பைல் கைக்கு வந்தவுடன் முதல், நடு, கடைசி என மூன்று இடங்களில் கேட்டுப் பார்க்கிறேன்.

இரண்டாவது, விருந்தினர் பக்கம் இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டு, மேஜையில் அவருக்கு அருகில் வைக்கச் சொல்கிறேன். பேசுகின்ற போனிலேயே பதிவு செய்ய முயல வேண்டாம். அழைப்பு ஓடும்போது பல போன்களில் ரெக்கார்டர் நின்றுவிடும். வேறு போன் வேண்டும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் நடுவில் யாரும் அழைக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் பதிவு கெட்டாலும் இது கை கொடுக்கும். தரம் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் என் "ம்... ம்..."மைவிட எவ்வளவோ மேல். கரண்ட் போனாலும் இது ஓடிக் கொண்டிருக்கும் என்பது கூடுதல் வசதி.

மூன்றாவது ஹெட்போன். ஸ்பீக்கரில் கேட்டுக் கொண்டே பேசினால் உங்கள் குரல் அவர் மைக்கிலும் ஏறிவிடும். எதிரொலியை நீக்குகிறேன் என்று சாப்ட்வேர் அவர் சொற்களையும் சேர்த்து நறுக்கும். சாதாரண வயர் இயர்போன் போதும். புளூடூத் வேண்டாம். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது சாதாரண புளூடூத் ஹெட்செட்கள் பழைய டெலிபோன் தரத்திற்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த புளூடூத் ஹெட்செட் வாங்கியவர்கள் இதைக் கேட்டு வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது!

மைக் வாங்குவதாக இருந்தால் யுஎஸ்பி மைக் ஒன்று வாங்குங்கள். இரண்டு மூன்று ஆயிரம் ரூபாயில் நல்லதாகவே கிடைக்கிறது. ஆனால் மைக்கைவிட அறை முக்கியம். நம் வீடுகளில் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைப் பந்து போலத் திருப்பி அடிக்கும். மெத்தை உள்ள படுக்கையறையில், துணி நிறைந்த பீரோவின் கதவுகளைத் திறந்து வைத்து அதன் எதிரே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. மைக் நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக இருந்தால் "ப" சொல்லும்போது வரும் காற்று அதில் மோதாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், எனவே இருபது நிமிடத்திற்கு ஒரு இடைவேளை விடுங்கள். பிரிட்ஜ் சத்தம் கேட்டால் அதையும் நிறுத்தலாம். திரும்பப் போட மறக்காமல் இருக்க, பைக் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். வெளியே கிளம்பும்போது தானாக ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கு மட்டும் வழி கண்டுபிடிக்கவில்லை. விசில் அடங்கியதும் அந்த வரியை மறுபடி சொல்லச் சொல்வேன்.

பேசும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகும் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது தொலைத்தொடர்புத் துறையில் உள்ள கணக்கு. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவோம். அதிலும் நாம் சொல்லும் "ம்" அவருக்குத் தாமதமாகச் சென்று சேர்ந்து, ஏதோ கேட்கிறோம் என்று நினைத்து நிறுத்திவிடுவார். எனவே வீடியோவை ஆன் செய்து, தலையை மட்டும் ஆட்டுங்கள்.

எல்லாவற்றிற்கும் வீடுதான் சரி என்று சொல்ல மாட்டேன். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கும் நிகழ்ச்சி, இரண்டு மூன்று கேமராவில் வீடியோவாகவும் எடுக்க வேண்டியது, பொருளைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டியது ஆகியவற்றிற்கு ஸ்டூடியோதான் நல்லது. தொழில் பேட்டி என்பதால் இன்னொன்று: பதிவு ஓடுகிறது என்று சொல்லாமல் ரெக்கார்டரைப் போடாதீர்கள். வீட்டில் இருக்கும் தைரியத்தில் வாடிக்கையாளர் பெயர், கடன் தொகை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். எது வேண்டாம் என்று பிறகு ஒரு முறை கேட்டு வெட்டிவிடுங்கள்.

எடிட் செய்த எம்பி3 பைலைப் பாட்காஸ்ட் ஹோஸ்டிங் தளம் ஒன்றில் ஏற்றினால், அங்கிருந்து ஸ்பாட்டிபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்றவற்றில் கிடைக்கும்படி செய்யலாம். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ல் நிறுத்தப்பட்டதால் பழைய குறிப்புகளில் அதன் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் பதிவை வெளி ஆளுடன் செய்ய வேண்டாம். பக்கத்து அறையில் உள்ள உங்கள் தம்பியையோ அக்காவையோ இன்னொரு லேப்டாப்புடன் உட்கார வைத்து, கை தட்டுவது முதல் அப்லோட் முடிவது வரை பத்து நிமிடம் செய்து பாருங்கள். கோவைப் பெரியவரிடம் சென்ற மாதம் போனில் பேசினேன். பட்டறையைப் பேரனிடம் கொடுத்துவிட்டாராம். "இப்ப நெட்டு நல்லா வருதுங்க தம்பி, எப்ப வேணாலும் கூப்பிடுங்க" என்றார். வரும் பொங்கலுக்கு நேரிலேயே போகலாம் என்று இருக்கிறோம். ரெக்கார்டரும் எடுத்துப் போகிறேன். கேட்பேனா என்று தெரியவில்லை.